தொழில் என்ற கட்டத்தில்

ஷார்ஜா, ரோலா பக்கம், டைப்பிங் சென்டர்.
விசா புதுப்பிக்கும் படிவத்தில்
தொழில் என்று ஒரு கட்டம்.
காசர்கோட்டு மொய்தீன்குஞ்ஞி
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
என்ன வேலை?

அனிமேஷன் பட இயக்குநர்.

பட்டியலை மேலும் கீழும் உருட்டினார்.
அப்படின்னா என்ன செய்வீங்க?
அசையாததை அசைப்பேன்.
கிரேன் ஆபரேட்டர் இருக்கு, போடட்டுமா?

வரிசை சிரித்தது. நானும்தான்.

பதினோரு வருடமாக என் அட்டையில்
ஏசி டக்ட் டிராப்ட்ஸ்மேன்.
முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.
தப்பாக அச்சான ஏ-த்ரீ தாள்களின் முதுகில்தான்
மேல் படுக்கையில் குப்புறப் படுத்து வரைந்தேன்.
தொண்ணூறு டிகிரி எல்போவுக்குக்
கண்ணும் உதடும் வைத்தால் ஒட்டகம்.
அதை நடக்க வைக்க ஒரு ரமலான் மாதம் ஆனது.

சேஃப்டி ஆபீசர் ரோடெல் அதைப் பார்த்துவிட்டார்.
புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நிமிடப் படம் வேண்டுமாம்.
ஒருத்தன் பெல்ட் போடாமல் ஏறி விழ வேண்டும்.
பேச்சு கூடாது,
சைட்டில் ஒன்பது மொழி.
சம்பளம்: இரண்டு நாள் லீவு.

மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தேன்.
மூக்கு வரையவில்லை,
மூக்கு வைத்தால் ஏதோ ஒரு நாட்டுக்காரன் ஆகிவிடுகிறான்.
முதல் தடவை காகிதம் போல விழுந்தான்.
ரோடெல் தலையாட்டினார்: இவனைப் பார்த்து எவன் பயப்படுவான்?

மூன்று வாரம் எடையைத் தேடினேன்.
அரிசிப் பையைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டு
அறையில் ஐந்து பேரிடம் வசவு வாங்கினேன்.
பிறகுதான் தெரிந்தது,
எடை இருப்பது தரையில் இல்லை.
மேலே,
பலகை போன பிறகும்
கால் நம்பிக்கொண்டிருக்கிற
அந்த நாலு படத்தில்.

சஜ்ஜா கேம்ப், சாப்பாட்டுக் கூடம்.
வாட்டர் கூலருக்கு மேல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு.
முந்நூறு பேர்.
விழுந்தான்.
திரை கறுத்தது.

பரமக்குடி வெல்டர் இருளப்பன்
பருப்பும் சோறும் கையில் இருக்க எழுந்தார்.
அண்ணே, அப்புறம்?
அப்புறம் ஒன்றுமில்லை, படம் முடிஞ்சது.
முடிஞ்சதா? அவன் வீட்டுக்கு யார் சொன்னா?

நேபாளிக்காரர் ஒருவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து
காதில் வைத்துக் காட்டினார்.
அதே கேள்வி.

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.
அதற்குப் பின் எல்லாம் வழக்கமான ஏணிதான்,
வழக்கமான ஏணி போலவே ஆடியது.
மால் திறப்புக்கு ஆடும் பேரீச்சம்பழம்.
வங்கிக்கு ஒரு பருந்து
(இறக்கை பெரிதாக இருக்கிறது என்று பதினாறு முறை திருப்பி அனுப்பினார்கள்).
டமாஸ்கஸ்காரர் ஹைதம் எடுத்த தொடரில்
மூன்று வருடம் இடைப்படம் வரைந்தேன்.
ஏழாம் பாகத்தில் தேநீரிலிருந்து எழும் ஆவி
என்னுடையது. வேறு எதுவும் இல்லை.

பிறகு, என் கைக்காசில், பதினொரு நிமிடம்.
அந்தக் கேள்விக்கான பதில்.
விழுகிறவன் அதில் வரவே மாட்டான்.
ஒரு வீடு. அடிக்கிற போன்.

இருளப்பன் அதற்குள் கேன்சலில் ஊர் போயிருந்தார்.
வாட்ஸப்பில் அனுப்பினேன்.
நீல டிக் விழுந்து இரண்டு நாள் சத்தமில்லை.
பிறகு குரல் மட்டும்:
அந்தப் பொண்ணு மாவுக் கையோட போனை எடுக்குது பாரு,
அது சரி.
செருப்புதான் அளவு பெருசு.

செருப்பைத் திருத்தினேன்.

மொய்தீன்குஞ்ஞி தொண்டையைச் செருமினார்.
பழையதே போடட்டுமா? பின்னாடி ஆள் நிக்குது.

போடுங்க, என்றேன்.
அவர் விரல் விசைக்கு மேல் நின்றது.

ஒன்று.
இரண்டு.
மூன்று.

அந்தப் படம்
போனில் இருக்கா? என்றார்.